கூட்டம் கூடிய குடியானவர்கள்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழருள் கப்பன் பூங்காவை அறியாதவர் இலர். விடுமுறை நாள் மாலையில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் இடம் அது. ஊரிலிருந்து வரும் உறவினருக்கு நாம் முதலில் காட்டும் இடமும் பெரும்பாலும் அதுவே. அதன் ஓரத்தில் செந்நிறத்தில் நீண்டு நிற்கும் உயர்நீதிமன்றக் கட்டடத்தை மூத்தோர் ‘அட்டாரக் கச்சேரி’ என்பர். பதினெட்டு இலாகாக்கள் அங்கே ஒருங்கே இயங்கியமையால் வந்த பெயர் அது.

ஆனால், அரசர் இருந்தது மைசூரில். அரண்மனை இருந்தது மைசூரில். பதினெட்டு இலாகாக்களும் பெங்களூருக்கு எவ்வாறு வந்தன? மார்க் கப்பன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1834ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரை, இருபத்தேழு ஆண்டுகள், மைசூர் நாட்டை நிர்வகிக்கும்படி ஏன் நேர்ந்தது? இவ்வினாக்களுக்கான விடை இங்கிருந்து மேற்கே, ஷிமோகாவைச் சூழ்ந்த மலைநாட்டில் இருக்கிறது. 1830ஆம் ஆண்டில் வரிக்கொடுமை பொறுக்கமாட்டாமல் அங்கே கூட்டம் கூடிய குடியானவர்களே அந்த விடை.

அந்த ஆண்டில் கொதித்தெழுந்தவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். நம்மை ஆள வந்தவர்களின் தாயகமாகிய இங்கிலாந்திலும் அதே வேளையில் உழவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். இரண்டு கிளர்ச்சிகளும் சீர்திருத்தத்தில் முடிந்தன. எனினும் அங்கே கிடைத்த சீர்திருத்தம் வேறு. இங்கே கிடைத்தது வேறு. அந்த வேற்றுமையை அறிவது, இந்நகரில் வாழும் நமக்கு இன்றும் பயன் தருவதாகும்.

இங்கிலாந்தில் எழுந்த கொதிப்பு

நெப்போலியனோடு நடந்த நெடும்போர் 1815இல் முடிந்தது. போர் ஓய்ந்தும் ஏழையின் வயிறு நிறையவில்லை. உள்நாட்டுக் கோதுமை ஓர் உயர்ந்த விலையை எட்டும் வரை வெளிநாட்டுத் தானியம் சந்தைக்கு வரலாகாது என்று அதே ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர். நிலக்கிழார்களுக்கு அது வாழ்வு. கூலிக்காரனுக்கு அது பட்டினி. அதற்கு முன்பே, 1811 முதல், புதிய இயந்திரங்களால் பிழைப்பு இழந்த நெசவுத் தொழிலாளர் இரவில் திரண்டு அவற்றை உடைத்து வந்தனர். இயந்திரத்தை உடைப்பவனுக்கு மரணதண்டனை என்று 1812இல் சட்டம் பிறந்தது.

குறையை எடுத்துச் சொல்ல மன்றம் இருந்தது. ஆனால் மன்றத்தில் மக்கள் இல்லை. ஆலைகள் பெருகி மக்கள் நெருங்கி வாழ்ந்த மான்செஸ்டருக்குப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினரும் கிடையாது. பழைய சேரம் என்னும் பாழடைந்த மேட்டுக்கோ இரண்டு உறுப்பினர்! 1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டரில் புனித பீட்டர் திடலில் ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் கூடி வாக்குரிமை கேட்டனர். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக வந்திருந்த அக்கூட்டத்தின்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அரசாங்கம் வருந்தியதா? இல்லை. கூட்டங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்க ஆறு சட்டங்களை இயற்றிற்று.

1830இல் கென்ட் மாவட்டத்து வயல்களில் மீண்டும் தீ மூண்டது. கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்ததால் குளிர்காலக் கூலியை இழந்த உழவுத் தொழிலாளர் அவற்றை நொறுக்கினர், வைக்கோற்போர்களைக் கொளுத்தினர். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஆஸ்திரேலியக் கரைக்கு நாடுகடத்தப்பட்டனர். ஆயினும் இம்முறை ஆட்சியாளர் அஞ்சினர். கிரே பிரபுவின் அமைச்சரவை 1831 மார்ச்சில் பாராளுமன்றச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று பிரபுக்கள் சபை அதைத் தள்ளியது. நாட்டிங்ஹாம் கோட்டை மாளிகை எரிந்தது. பிரிஸ்டல் நகரம் மூன்று நாள் கலவரத்தில் தவித்தது. இறுதியில் 1832 ஜூன் 7 அன்று மசோதா சட்டமாயிற்று. ஐம்பத்தாறு சிற்றூர்கள் தம் உறுப்பினர்களை இழந்தன. மான்செஸ்டரும் பர்மிங்ஹாமும் முதன்முறையாக உறுப்பினர்களைப் பெற்றன. கூலிக்காரனுக்கு அப்போதும் வாக்கு இல்லை; பெண்களுக்கும் இல்லை. எனினும் பூட்டிய கதவு சற்றே திறந்தது. பின்னர் வந்தவர்கள் அதை மேலும் தள்ளித் திறந்தனர்.

மைசூர் நாட்டில் ஷரத்து முறை

இனி நம் பக்கம் திரும்புவோம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் ஆங்கிலக் கும்பினியார் பழைய அரச குலத்தைச் சேர்ந்த ஐந்து வயதுக் குழந்தையை அரியணையில் அமர்த்தினர். அவரே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். கும்பினிப் படையின் செலவுக்கென ஆண்டுதோறும் ஏழு இலட்சம் வராகன் மைசூர் அரசு கட்டவேண்டும் என்று உடன்படிக்கை செய்யப்பட்டது. திவான் பூர்ணய்யா சிக்கனமாக நிர்வாகம் நடத்தினார். 1811இல் அவர் ஓய்வு பெற்றபோது கருவூலத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது.

இளம் அரசர் கொடையும் கலையார்வமும் மிக்கவர். புலவரும் இசைவாணரும் அவரைப் போற்றினர். ஆனால் பூர்ணய்யா சேர்த்த செல்வம் சில ஆண்டுகளிலேயே கரைந்தது. செலவு குறையவில்லை, கும்பினிக்குரிய தொகையும் தவணை தவறலாகாது. எனவே வரி வசூலில் ‘ஷரத்து’ என்னும் முறை வேரூன்றியது.

அம்முறை யாது? ஒரு தாலுகாவின் அமில்தார், “இவ்வாண்டு இவ்வளவு தொகை வசூலித்துத் தருவேன்” என்று எழுதிக்கொடுப்பார். வசூல் குறைந்தால் குறைந்ததை அவரே ஈடுசெய்தல் வேண்டும். மிகுந்தால் மிகுதியும் அரசுக்கே. எழுதிக்கொடுக்கும் தொகை பெரும்பாலும் சென்ற ஆண்டைவிட மிகுதியாகவே இருக்கும். ‘குடிகளைத் துன்புறுத்தமாட்டேன், புதுவரி போடமாட்டேன்’ என்றும் அந்த முச்சலிக்காவில் ஒரு வாசகம் உண்டு. அது தாளில் மட்டுமே இருந்தது. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் அமில்தார் தம் கைப்பொருளை இழக்க விரும்புவாரா? சுமை முழுவதும் உழவன் தோளிலேயே இறங்கியது.

நிலவரியோடு நில்லாமல் சில்லறை வரிகள் வேறு இருந்தன. திருமணத்துக்கு வரி, குழந்தை பிறந்தால் வரி, அதற்குப் பெயரிட்டால் வரி, முடி இறக்கினால் வரி. ஓர் ஊரில், முன்னோர்கள் பாளையக்காரர் ஒருவரின் தப்பிப்போன குதிரையைத் தேடிப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பேரப்பிள்ளைகள் வரி கட்டி வந்தனர். மலைநாட்டில் ஓரிடத்தைக் கடக்கும்போது கைகளை உடலோடு ஒட்டி வைக்காமல் வீசி நடந்தவனும் வரி செலுத்தவேண்டியிருந்தது! இன்று நகைப்புக்கு இடமாகும் இவை, அன்று ஏழையின் கஞ்சியைப் பறித்தன.

சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1825இல் மைசூருக்கு வந்து, நிர்வாகம் திருந்தாவிடின் கும்பினியார் நேரே தலையிட நேரும் என்று அரசரை எச்சரித்தார். எச்சரிக்கை பயன் தரவில்லை.

மலைநாட்டில் கூடிய கூட்டம்

ஷிமோகாவையும் அதற்கு மேற்கேயுள்ள பாக்கு, மிளகுத் தோட்டங்களையும் கொண்ட பகுதிக்கு ‘நகர’ சீமை என்று பெயர். முற்காலத்தில் கெளதி நாயக்கர்களின் தலைநகராக விளங்கிய பிதனூருக்குப் பின்னாளில் வழங்கிய பெயரே நகர என்பது. அங்கே பவுஜ்தார் என்னும் மேலதிகாரியின் பதவி நெடுங்காலம் ஒரு குழுவினரின் கையில் இருந்தது. 1828இல் அரசர் தம் உறவினர் வீரராஜ அரசைப் பவுஜ்தாராக நியமித்தார். அவர் பழைய கணக்குகளைக் கிளறி, தள்ளுபடியானவை எனக் குடிகள் நம்பியிருந்த பாக்கிகளையும் கேட்கலானார். விளைபொருள் விலையோ சரிந்திருந்தது. பதவி இழந்த குழுவினரும் உள்ளிருந்தே நெருப்பை ஊதினர்.

1830இல் குடியானவர்கள் கூடத் தொடங்கினர். ஊருக்கு ஊர் ஓலை போயிற்று. பசவப்பட்டணத்திலும் ஹொசந்தையிலும் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அக்கூட்டங்களைக் கன்னடத்தில் ‘கூட்ட’ என்றே வழங்கினர். நம் ‘கூட்டம்’ என்னும் சொல்லுக்கு உடன்பிறந்த சொல் அது. அடுத்திருந்த கன்னட மாவட்டத்துக் குடிகளும் அதே பருவத்தில் கும்பினி ஆட்சிக்கு எதிராக இவ்வாறே கூடினர் என்பது நினைக்கத்தக்கது. மலைநாட்டுக் குடிகள் முதலில் கையில் எடுத்தது வாள் அன்று. வரி கட்ட மறுத்தனர். தங்கள் குறையை விசாரிக்கவேண்டும் என்று கேட்டனர்.

விசாரணைக்கு முன் படை வந்தது. ஹொளேஹொன்னூரில் கூடியிருந்த குடிகளைப் பவுஜ்தாரின் ஆட்கள் தாக்கினர். சிலர் கொல்லப்பட்டனர், பலர் காயமுற்றனர். மான்செஸ்டர்த் திடலில் நடந்ததற்கும் இதற்கும் அளவில் வேற்றுமை உண்டு. தன்மையில் வேற்றுமை இல்லை. கேட்க வந்தவனை வெட்டுவது இரண்டிடத்தும் ஒன்றே.

அதன்பின் கிளர்ச்சி வேறு கைகளுக்குப் போயிற்று. சாதரமல்லன் என்னும் ஒருவன் பூதி பசவப்பன் என்ற பெயரோடு தோன்றி, கெளதி நாயக்கர் குலத்தின் வாரிசு தானே என்று பறைசாற்றினான். பழைய பாக்கி முழுவதும் தள்ளுபடி என்றும், ஒரு வராகன் கட்டிவந்தவன் இனி ஒரு ரூபாய் கட்டினால் போதும் என்றும் அவன் விளம்பரம் செய்தான். வராகன் ஒன்று மூன்று ரூபாய்க்கு மேல் மதிப்புடையது. துயருற்ற குடிகள் அவன் பின்னே திரண்டதில் வியப்பு உண்டோ? தரீகெரெப் பாளையக்காரர் ரங்கப்ப நாயக்கரும் படை திரட்டினார். குறை தீரக் கூடிய கூட்டம், அரியணை தேடியவர்களுக்கு ஏணியாயிற்று. கொள்ளையரும் புகுந்தனர், ஊர்கள் எரிந்தன. அரசர் சன்னராயப்பட்டணம் வரை தாமே சென்று கடுந்தண்டனைகள் விதித்தும் தீ அடங்கவில்லை. முடிவில் கும்பினியின் சென்னைப் படை இறங்கிற்று. தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையாகச் சேவித்த படை அது. 1831 ஜூனில் நகர கோட்டை வீழ்ந்தது.

ஒரே அக்டோபர் மாதம்

அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. சென்னையில் கவர்னராக இருந்தபோது 1806இல் வேலூர்ப் புரட்சியைக் கண்டு, அதன் காரணமாகவே பதவி இழந்தவர் அவர். குடிகளின் கொதிப்பு எதில் முடியும் என்பதை அவர் அறிவார். கும்பினிக்குரிய தொகைக்கு ஆபத்து நேரும் என்று காரணம் காட்டி, ஆட்சியை ஒப்படைக்கும்படி 1831 செப்டம்பரில் அரசருக்கு எழுதினார். அக்டோபர் 19 அன்று அரசர் எதிர்ப்பின்றி ஒப்படைத்தார். அவருக்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன.

நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டனில் பிரபுக்கள் சபை சீர்திருத்த மசோதாவைத் தள்ளியது அக்டோபர் 8. மைசூர் ஆட்சி கும்பினியின் கைக்கு வந்தது அக்டோபர் 19. இடையே பதினொரு நாள். அங்கே மக்கள் கிளர்ந்தபோது, ‘மன்றத்தில் மக்களுக்கு இடம் கொடு’ என்னும் கேள்வி எழுந்தது. இங்கே மக்கள் கிளர்ந்தபோது, ‘ஆள்பவரை மாற்று’ என்பதே விடையாயிற்று. கூட்டம் கூடிய குடிகளை அழைத்து, ஒரு சபையில் அமர்த்தி, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று ஆண்டுதோறும் கேட்கும் எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை.

கிளர்ச்சியின் காரணங்களை ஆராய நால்வர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. கப்பனும் அதில் ஓர் உறுப்பினர். 1833இல் அக்குழு தந்த அறிக்கையைப் படித்த பெண்டிங்க், முழு நாட்டையும் எடுத்துக்கொண்டது மிகையோ என்று ஐயுற்றார். ஒரு பகுதியை வைத்துக்கொண்டு எஞ்சியதை அரசரிடம் திருப்பித் தரலாம் என்று 1834இல் எழுதினார். லண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் இசையவில்லை. அரசர் தம் வாழ்நாள் முழுவதும் மனு எழுதிக் கொண்டே இருந்து, 1868இல் காலமானார்.

கப்பன் செய்ததும் செய்யாததும்

புதிய ஆணையர் ஆட்சி தன் இருப்பிடத்தை மைசூரிலிருந்து பெங்களூருக்கு மாற்றிக்கொண்டது. 1809ஆம் ஆண்டிலேயே இங்கே தண்டு அமைந்திருந்தது. அல்சூரை அடுத்து எழுந்த அந்தப் படைவீட்டுக்குச் சிப்பாய்களாகவும் வணிகராகவும் கொத்தர், தச்சர், தோட்டக்காரராகவும் நம் முன்னோர் முன்னரே வந்திருந்தனர். இப்போது கச்சேரிகளும் சேர்ந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும் கைத்தொழில் தெரிந்தவனுக்கும் வேலை பெருகிற்று. மலைநாட்டு உழவர் கண்ட துயரம், அவர்கள் அறியாமலே, பெங்களூரைத் தலைநகராக்கியது. அந்தத் தலைநகரின் நிழலில் பிழைத்தவர்களில் நாமும் உண்டு.

கப்பனின் நிர்வாகத்தைக் குறைத்துப் பேசுதல் நேர்மையன்று. அவர் காலத்தில் 769 சில்லறை வரிகள் ஒழிக்கப்பட்டன. குழந்தைக்குப் பெயரிட வரி, கைவீசி நடந்தால் வரி என்பன யாவும் தொலைந்தன. அமில்தாரின் ஏலப் போட்டி நின்றது. அறுவடையை ஒட்டித் தவணை முறையில் வரி கட்ட வழி செய்யப்பட்டது. ஏறத்தாழ 1600 மைல் சாலைகள் அமைந்தன. நாடு நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. அவர் காலத்தில் திட்டமிடப்பட்டுத் தொடங்கிய இருப்புப்பாதை, 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டை எட்டியது. இன்றும் நம்மவர் ஊருக்குப் போகும் வழி அதுவேயன்றோ!

எனினும் ஒன்றை அவர் செய்யவில்லை. செய்ய நினைக்கவும் இல்லை. வரி கட்டுபவன் வரியைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் அவை அமைக்கவில்லை. நல்ல தலைவன் அமைந்தால் நன்மை. அமையாவிடில் துன்பம் என்பதே குடிகளின் விதியாக இருந்தது. 1832க்குப் பின் இங்கிலாந்தில் ஒரு வணிகன் தன் உறுப்பினரிடம் கணக்குக் கேட்கலாம். மைசூரில் அதே ஆங்கிலேயரின் ஆட்சியில் எவரும் எவரையும் கேட்க இயலாது. சுதந்திரம் தம் வீட்டுக்கு ஏற்றது, பிறர் நாட்டுக்கு நல்ல நிர்வாகமே போதும் என்பது அக்கால ஆட்சியாளரின் கொள்கை.

ஐம்பது ஆண்டுக்குப் பின்

1881 மார்ச் 25 அன்று ஆட்சி மீண்டும் அரச குலத்திடம் வந்தது. பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் முதல் திவானாக அமர்ந்தவர் ரங்காச்சார்லு. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னை அரசுப் பணியிலிருந்து மைசூருக்கு வந்தவர். அவர் பிறந்த ஆண்டும் 1831 என்பது ஒரு வியப்பு. அவர் செய்த முதற்பெரும் காரியம், மைசூர்ப் பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டியதே. 1881 அக்டோபர் 7 அன்று, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த 144 நிலக்கிழார்களும் வணிகர்களும் மைசூரில் கூடினர். திவான் சென்ற ஆண்டின் வரவு செலவையும் நிர்வாகத்தையும் அவர்கள்முன் வைத்தார். அவர்கள் தத்தம் ஊர்க் குறைகளை எடுத்துரைத்தனர்.

அச்சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. முதலில் தேர்தலும் இல்லை. அது பத்தாண்டு கழித்தே வந்தது. ஏழை உழவனுக்கு அங்கே இடமும் இல்லை. ஆனாலும் ஆள்பவர் எழுந்து நின்று கணக்குச் சொன்னார். குடிகளின் சார்பில் வந்தவர் அமர்ந்து கேட்டார். 1831இல் ஆட்சி கைமாறிய நாளிலிருந்து பன்னிரண்டு நாள் குறைய ஐம்பது ஆண்டு கழித்து, மலைநாட்டுக் கூட்டம் கேட்டதில் ஒரு பாதி கிடைத்தது எனலாம்.

நம்மவருக்கு அதில் பங்கு இருந்ததா? சபையைக் கூட்டியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்திரி ஐயரும் பாலக்காட்டுத் தமிழர். ஆனால் பெங்களூர்த் தமிழரில் பெரும்பாலோர் வாழ்ந்த தண்டுப் பகுதி 1881க்குப் பின்னும் ஆங்கிலேயர் வசமே நின்றது. மைசூர்ச் சபையின் எல்லைக்கு அது புறம்பானது. அது மைசூரோடு மீண்டும் சேர்ந்தது 1947இல். தண்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தது 1949இல். அந்த இரண்டு தலைமுறையினர் சாலை போட்டனர், கட்டடம் எழுப்பினர், வரியும் கட்டினர். நாட்டுச் சபையில் அவர்கள் குரல் ஒலிக்கவில்லை.

இன்று நம் கடமை

இக்காலத்தில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டு. அது எத்துணை அரிதாகக் கிடைத்தது என்பதை மான்செஸ்டர்த் திடலும் ஹொளேஹொன்னூரும் சொல்லும். ஆயினும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் பெயர் இன்னும் ஊரிலுள்ள பட்டியலில் மட்டும் இருக்கிறது? வாடகை வீடு மாறும்போது எரிவாயு முகவரியை மாற்றுகிறோம். பள்ளி முகவரியை மாற்றுகிறோம். வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுகிறோமா? தெருவில் குடிநீர் வராவிட்டால், ‘யாரோ ஒரு பெரியவர் பார்த்துக்கொள்வார்’ என்று இருந்துவிடுகிறோம். நல்ல கப்பன் ஒருவர் வருவார் என்று காத்திருக்கும் மனப்பான்மை அது.

நம் சங்கத்து அன்பர்கள் ஒரு காரியம் செய்யலாம். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளின் பெயர்களைப் பட்டியலில் சேர்ப்பதற்குப் பெற்றோர் துணை நிற்கட்டும். கன்னடம் எழுதத் தெரிந்த இளைஞர்கள், தெரியாத முதியோருக்கு விண்ணப்பம் எழுதித் தரட்டும். தெருக்குறையைச் சொல்லப் போகும்போது கன்னட அண்டை வீட்டாரையும் உடன் அழைத்துப் போகட்டும். குழாயில் நீர் வராத துன்பம் இருவருக்கும் ஒன்றுதானே! ‘கூட்ட’ என்று அவர்களும், ‘கூட்டம்’ என்று நாமும் சொல்வதற்குப் பொருள் ஒன்றே.

அடுத்த முறை கப்பன் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, குதிரைமேல் வீற்றிருக்கும் அந்தத் துரையின் சிலையைக் காட்டி அவர் செய்த நன்மைகளைச் சொல்லுங்கள். அவரை இங்கே வரச்செய்த மலைநாட்டு உழவர்களின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர்களுக்குச் சிலை இல்லை. நம் குழந்தைகளின் நினைவிலாவது இடம் இருக்கட்டும்.